ஏடு மாறும்போது எழுத்தரும் மாறவேண்டும்: தரவுத்தளக் கட்டமைப்பும் நிரலும் ஒத்தியங்கும் முறை



தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலையில், பேராக் எல்லையைக் கடந்து பகாங்கிற்குள் நுழைந்தபின் நாம் காணும் முதல் ஊர் ரிங்லெட். அதனைச் சுற்றியுள்ள சரிவுகளில், 1929-இல் தொடங்கப்பெற்ற போ தோட்டம் முதலாகப் பல தேயிலைத் தோட்டங்கள் எழுந்தன. அத்தோட்டங்களில் வாழ்ந்த நம் முன்னோர்க்கு ‘செக்ரோல்’ என்னும் சொல் நன்கு தெரியும். காலைப் பிரட்டில் பேர் அழைத்துக் குறிப்பதும், மாலையில் கொழுந்து நிறுத்து எடையைப் பதிவதும் அந்தப் பேரேட்டில்தான். பேர் ஒரு கட்டத்தில், நாள் ஒரு கட்டத்தில், எடை ஒரு கட்டத்தில் என்று கோடிட்ட அந்த ஏட்டை நம்பியே மாதக் கூலி கணக்கிடப்பட்டது.

இப்பொழுது ஒன்றை எண்ணிப் பார்ப்போம். மாதத்தின் முதல் நாளில் அலுவலகத்திற்குப் புதிய ஏடு வந்து சேருகிறது. அதில் எடைக்கும் பிடித்தத்திற்கும் இடையே புதிதாக ஒரு கட்டம் சேர்க்கப்பட்டுள்ளது. கிராணியோ பழைய ஏட்டின் பழக்கத்திலேயே கைபோன போக்கில் எழுதிக்கொண்டு போகிறார். எழுத்தில் பிழையில்லை, கூட்டலிலும் பிழையில்லை. ஆயினும் எழுதியது விழுந்த கட்டம் தவறு. மாத இறுதியில் ஒருவர் கைக்கு வரவேண்டிய கூலி குறைகிறது. குறைந்ததற்குக் காரணம் எவருக்கும் உடனே விளங்குவதில்லை.

கணினியில் நிகழும் இதே சிக்கல்தான் இவ்வுரையின் பொருள். ஏட்டின் இடத்தில் தரவுத்தளமும் கிராணியின் இடத்தில் நிரலும் உள்ளன. ஏட்டின் வடிவம் மாறும்பொழுது, நிரல் தன் மனத்தில் வைத்திருக்கும் வடிவமும் அதனுடன் சேர்ந்து மாறவேண்டும். அதனை ஒழுங்காகச் செய்வது எப்படி என்பதைத் தோட்டப் பதிவேட்டுச் செயலி ஒன்றைக் கற்பித்துக்கொண்டு, படிப்படியாகக் காண்போம்.

அட்டவணையும் வார்ப்புருவும்

தரவுத்தளம் என்பது தகவலை அட்டவணைகளாகச் சேர்த்து வைக்கும் களஞ்சியம். 1970-இல் எட்கர் காட் என்னும் அறிஞர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையே இன்றைய உறவுநிலைத் தரவுத்தளங்களுக்கு அடிப்படை. அட்டவணையில் நெடுக்காக அமைந்த ஒவ்வொரு கட்டத்தையும் ‘புலம்’ என்றும், குறுக்காக அமைந்த ஒவ்வொரு வரியையும் ‘பதிவு’ என்றும் இவ்வுரையில் குறிப்போம். எந்த எந்த அட்டவணைகள் உள்ளன, ஒவ்வொன்றிலும் எந்தப் புலங்கள், ஒவ்வொரு புலமும் எண்ணா, எழுத்தா, நாளா, அது வெற்றாக இருக்கலாமா என்னும் விதிகளின் தொகுப்பே ‘கட்டமைப்பு’. இதனை ‘ஸ்கீமா’ என்றும் வழங்குவர்.

நிரல் எழுதுவோர் உலகை வேறு விதமாகப் பார்க்கின்றனர். அவர்களுக்குத் தொழிலாளி என்பவர் ஓர் அட்டவணையின் வரி அல்லர். பேரும் பிறந்த நாளும் உடைய, ‘இம்மாத எடை எவ்வளவு?’ என்று கேட்டால் விடையளிக்கக்கூடிய ஒரு ‘பொருள்’. அத்தகைய பொருள்களை வார்த்தெடுப்பதற்குரிய அச்சினை ‘வார்ப்புரு’ என்போம்.

இவ்விரண்டு பார்வைகளுக்கும் இடையே மொழிபெயர்ப்பாளராக நிற்பதே பொருள்–உறவு இணைப்பி; ஆங்கில முதலெழுத்துகளைக் கொண்டு ‘ஓஆர்எம்’ எனச் சுருக்கி அழைக்கப்படுவது இதுதான். அட்டவணையின் பதிவைப் பொருளாக்கி நிரலிடம் கொடுப்பதும், நிரல் மாற்றிய பொருளை மீண்டும் பதிவாக்கி அட்டவணையில் வைப்பதும் இதன் பணி. ஜாவா மொழிக்கு 2001-இல் தோன்றிய ஹைபர்னேட், பைத்தான் மொழிக்குரிய ஜாங்கோ, எஸ்கியூஎல்ஆல்கெமி, ரூபி மொழிக்குரிய ரெயில்ஸ் ஆகியவற்றில் இத்தகைய இணைப்பிகளைக் காணலாம்.

இணைப்பி சரியாக இயங்க, அட்டவணையைப் பற்றி நிரலுக்குள் ஒரு குறிப்பு இருக்கவேண்டும்: ‘தொழிலாளி என்னும் வார்ப்புரு இந்த அட்டவணைக்குரியது, பேர் இந்தப் புலத்தில் உள்ளது, எடை இந்தப் புலத்தில் உள்ளது’ என்பது போன்ற குறிப்பு அது. ஆகவே ஒரே உண்மை இரண்டு இடங்களில் எழுதப்பட்டிருக்கிறது. தரவுத்தளத்தில் கட்டமைப்பாக ஒன்று, நிரலில் குறிப்பாக மற்றொன்று. இரண்டு இடங்களில் எழுதப்பட்ட எதுவும் ஒரு நாள் முரண்படக்கூடும். அந்த முரண்பாட்டைத் தடுக்கும் ஒழுங்கையே நாம் தேடுகிறோம்.

ஏழு இலக்கம் பன்னிரண்டு இலக்கமானபோது

கட்டமைப்பு ஏன் மாறவேண்டும், முதலிலேயே சரியாக அமைத்துவிடலாகாதா என்று மாணவர் கேட்கலாம். இதற்கு நம் சட்டைப் பையிலேயே விடை இருக்கிறது.

மலேசிய அடையாள அட்டையின் பழைய எண் ஏழு இலக்கங்கள் கொண்டது. 1990-இல் பன்னிரண்டு இலக்கங்கள் கொண்ட புதிய எண் அறிமுகமாயிற்று. 2001-இல் வந்த மைகாட் அட்டையும் அதனையே தொடர்ந்தது. புதிய எண்ணின் முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த ஆண்டு, மாதம், நாள் ஆகியவற்றைக் குறிக்கும். அடுத்த இரண்டு பிறந்த இடத்தைக் குறிக்கும். பகாங்கிற்கு 06 என்பது அவ்வாறு வந்தது. இறுதி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண்.

பழைய எண்ணை மனத்திற்கொண்டு ஒருவர் அட்டவணை அமைத்திருந்தால், அடையாள எண்ணுக்குச் சாதாரண முழு எண் புலம் ஒன்றை ஒதுக்கியிருப்பார். முப்பத்திரண்டு பிட் முழு எண் புலத்தில் 2,147,483,647 வரையில்தான் எழுதமுடியும். ஏழு இலக்கங்களுக்கு அது தாராளம்; 1950-இலோ 1970-இலோ பிறந்தவரின் பன்னிரண்டு இலக்கங்களுக்கு அது போதாது. சரி, பெரிய முழு எண் புலமாக மாற்றிவிட்டால் போதுமா? அதுவும் போதாது. 2005-இல் பிறந்த மாணவரின் எண் 05 என்று தொடங்குகிறது. எண் புலம் முன்னிற்கும் சுழியத்தை வைத்துக்கொள்ளாது. பன்னிரண்டு இலக்கம் பதினொன்றாகிவிடும். 2000-ஆம் ஆண்டு சனவரியில் பிறந்தவருக்கோ முதல் மூன்று இலக்கங்களுமே சுழியம். அவரது எண் ஒன்பது இலக்கமாகச் சுருங்கும்.

இதிலிருந்து தெரிவது என்ன? அடையாள எண் என்பது பேரில்தான் எண். உண்மையில் அது எழுத்துத்தொடர். இரண்டு அடையாள எண்களை யாரும் கூட்டுவதுமில்லை, கழிப்பதுமில்லை. கூட்டவும் கழிக்கவும் பயன்படாத எண்ணை எழுத்துப் புலத்தில் வைப்பதே நெறி.

இன்றைய கேமரன் மலைத் தோட்டங்களில் வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்களும் உழைக்கின்றனர். அவர்களுக்கு மலேசிய அடையாள எண் இல்லை. கடவுச்சீட்டு எண் உண்டு. அதில் எழுத்துகளும் கலந்து வரும். ‘அடையாள எண் கட்டாயம், பன்னிரண்டு இலக்கம்’ என்ற விதியோடு அமைந்த அட்டவணையில் அவர்களைப் பதிய வழியில்லை. பதிய வழியில்லாத இடத்தில், அவசரத்திற்குப் பன்னிரண்டு சுழியங்களை இட்டு நிரப்பும் பழக்கம் பிறக்கும். பிறகு ஒரே எண்ணில் பலர் நிற்பர். ஒருவர் கூலி மற்றொருவர் பேரில் ஏறும்.

ஆகவே, கட்டமைப்பு மாறுவதற்கு முன்னவரின் அறியாமை மட்டுமே காரணமன்று. நாட்டின் சட்டம் மாறுகிறது, தொழில் மாறுகிறது, தொழில் செய்வோர் மாறுகின்றனர். உலகம் மாறும்வரை அட்டவணையும் மாறிக்கொண்டுதான் இருக்கும். மாறாத அட்டவணையை அமைக்க முயல்வதைவிட, பழுதின்றி மாற்றும் முறையைக் கற்பதே அறிவுடைமை.

இங்கே மற்றொரு பாடமும் உண்டு. நாள்தோறும் பதியும் எடை அட்டவணையில், தொழிலாளியைச் சுட்டுவதற்கு அடையாள எண்ணையே பயன்படுத்தியிருந்தால், எண் மாறும்பொழுது பல்லாயிரம் எடைப் பதிவுகளையும் மாற்ற நேரும். செயலி தானே வழங்கும் ஓர் உள்ளெண்ணைக் கொண்டு சுட்டியிருந்தால், தொழிலாளி அட்டவணையில் ஒரே ஒரு பதிவை மாற்றினால் போதும். பிறர் வழங்கிய எண்ணைத் தகவலாக வைத்துக்கொள்ளலாம். அட்டவணைகளைப் பிணைக்கும் முடிச்சாக அதனைக் கொள்ளலாகாது.

முரண்பாடு தோன்றும் மூன்று வழிகள்

நிரலுக்கும் தரவுத்தளத்திற்கும் முரண்பாடு மூன்று வழிகளில் வரும்.

முதலாவது, அட்டவணை மாறி நிரல் மாறாதது. ‘பேர்’ என்னும் புலத்தை ஒருவர் ‘முழுப்பேர்’ என மாற்றிவிட்டார். நிரலோ ‘பேர்’ புலத்தையே கேட்கிறது. அப்படியொரு புலம் இல்லை என்று தரவுத்தளம் மறுக்கும்; செயலி நின்றுவிடும். புதிய கட்டாயப் புலம் ஒன்றைச் சேர்த்தாலும் இதே நிலைதான். பழைய நிரலுக்கு அப்புலத்தில் என்ன எழுதுவது என்று தெரியாது. எனவே எந்தப் புதிய பதிவையும் அதனால் எழுத இயலாது.

இரண்டாவது, நிரல் மாறி அட்டவணை மாறாதது. நிரலாளரின் கணினியில் இரண்டும் பொருந்தியிருக்கும். புதிய நிரல் மட்டும் அலுவலகக் கணினிக்குச் சென்று, அட்டவணை மாற்றம் செல்லாமல் நின்றுவிடும். ‘என் கணினியில் ஓடுகிறதே’ என்ற சொல் பெரும்பாலும் இங்கேதான் எழுகிறது.

இவ்விரண்டும் ஆரவாரத்துடன் வெளிப்படும் பிழைகள். ஆதலால் விரைவில் திருத்தப்படும். மூன்றாவது வழி அமைதியானது. புலத்தின் பேரும் வகையும் மாறாமல், அதன் பொருள் மட்டும் மாறுவது அது. நேற்றுவரை ‘எடை’ என்பது சாக்கோடும் ஈரத்தோடும் சேர்ந்த மொத்த எடை. இன்று முதல் கழிவு நீக்கிய எடையை அதே புலத்தில் எழுதுகின்றனர். நிரலோ முன்போலவே கழிவை மீண்டும் ஒருமுறை கழிக்கிறது. செயலி நிற்கவில்லை, எச்சரிக்கை எதுவும் இல்லை, ஒவ்வொரு நாளும் ஒவ்வொருவர் கணக்கிலும் சிறிது குறைகிறது. இணைப்பியால் இதனைக் கண்டுபிடிக்க முடியாது; ஏனெனில் அதன் பார்வையில் இரண்டும் எண்களே. இதற்கு ஒரே மருந்து, பொருள் மாறினால் பேரையும் மாற்றுவது. ‘மொத்த எடை’, ‘நிகர எடை’ என இரண்டு புலங்களாக எழுதினால், அமைதியான பிழை ஆரவாரமான பிழையாகிவிடும். ஆரவாரமான பிழையே நமக்கு நன்மை செய்வது.

பெயர்வுக் கோப்பு

இம்முரண்பாடுகளைத் தடுக்க நிரலாளர் உலகம் கண்ட வழி, கட்டமைப்பின் ஒவ்வொரு மாற்றத்தையும் எண்ணிட்ட சிறு கோப்பாக எழுதி, அதனை நிரலோடு ஒரே பெட்டகத்தில் வைப்பது. இதனை ‘மைக்ரேஷன்’ என்பர். தமிழில் ‘பெயர்வு’ எனலாம். ரெயில்ஸ் இம்முறையை 2005 அளவில் பரவலாக்கியது. ஜாங்கோ தன் பயனர்க்கு இதனை உள்ளமைந்த வசதியாக வழங்கியது 2014-இல் வந்த 1.7 பதிப்பில், அதற்கு முன் ‘சவுத்’ என்னும் துணைத்தொகுப்பு அப்பணியைச் செய்தது. எஸ்கியூஎல்ஆல்கெமிக்கு அலெம்பிக்கும், ஜாவா உலகில் ஃபிளைவே, லிக்விபேஸ் முதலியனவும் இவ்வகையைச் சேர்ந்தன.

பெயர்வுக் கோப்பில் மூன்று செய்திகள் இருக்கும்: தனது வரிசை என்ன, என்ன மாற்றத்தைச் செய்யவேண்டும், தேவைப்பட்டால் அதனை எவ்வாறு திரும்பப் பெறுவது. தரவுத்தளத்திலும் ஒரு சிறு அட்டவணை இருக்கும். இதுவரை எந்தெந்தப் பெயர்வுகள் செயற்படுத்தப்பட்டன என்பதை அது குறித்துவைக்கும். புதிய நிரல் ஒரு கணினியை அடையும்பொழுது, கருவி அவ்வட்டவணையைப் பார்த்து, இன்னும் செயற்படாதவற்றை மட்டும் வரிசைப்படி செயற்படுத்தும். நிரலாளரின் கணினி, சோதனைக் கணினி, அலுவலகக் கணினி மூன்றும் இவ்வாறு ஒரே பாதையில் நடந்து ஒரே வடிவத்தை அடைகின்றன.

இம்முறையில் சில விதிகளை மீறலாகாது.

செயற்பட்டுவிட்ட பெயர்வைத் திருத்தலாகாது. தவறிருந்தால் அதனைச் சரிசெய்யும் புதிய பெயர்வை எழுதவேண்டும். பழைய கிராணிகள் பேரேட்டில் பிழையான எண்ணைச் சுரண்டி அழிக்காமல், ஒரு கோடிட்டு அடித்து, மேலே சரியான எண்ணை எழுதிக் கையொப்பமிட்டது இதே அறிவினால்தான். அழித்து எழுதிய கணக்கை எவரும் நம்புவதில்லை.

எவரும் தரவுத்தளத்தைக் கையால் நேரே மாற்றலாகாது. அவசரத்தில் ஒரு புலத்தைச் சேர்ப்பது ஒரு நிமிட வேலை. ஆயினும் அது எந்தக் கோப்பிலும் இல்லாத மாற்றம். அடுத்த பெயர்வு அதன்மேல் மோதும்பொழுது, முன்னர் நடந்ததை நினைவு வைத்திருப்பவர் அங்கே இல்லாமற் போகலாம்.

கருவி தானே எழுதிய பெயர்வை மனிதர் படித்துப் பார்க்கவேண்டும். வார்ப்புருவையும் அட்டவணையையும் ஒப்பிட்டு வேறுபாட்டைத் தானே எழுதித் தரும் வசதி பல கருவிகளில் உண்டு. ஆனால் ‘பேர்’ என்பது ‘முழுப்பேர்’ ஆனதை அலெம்பிக் மறுபெயரிடலாக அறியாது. பழைய புலம் நீங்கியது, புதிய புலம் வந்தது என்றே கொள்ளும். அதனை அப்படியே செயற்படுத்தினால், புலத்தோடு அதிலுள்ள பேர்கள் அனைத்தும் அழிந்துபோகும். ஜாங்கோ, ‘இது மறுபெயரிடலா?’ என்று கேட்கும். கேள்வியைப் படிக்காமல் விடையளித்தால் அங்கும் அதே இழப்புதான்.

ஹைபர்னேட்டில் மற்றொரு வசதி உண்டு. செயலி தொடங்கும்பொழுது அட்டவணையைத் தானே மாற்றியமைக்குமாறு அதற்குச் சொல்லலாம். கற்கும் காலத்தில் இது இனிமையானது. ஆனால் அது இல்லாத புலத்தைச் சேர்க்குமேயன்றி, வேண்டாத புலத்தை நீக்காது. பேர் மாற்றத்தையும் அறியாது. உண்மைப் பணியில், ‘மாற்றாதே, ஒப்பிட்டுப் பார், பொருந்தாவிட்டால் தொடங்காதே’ என்னும் அமைப்பே தக்கது. பொருந்தாத ஏட்டில் எழுதுவதைவிட, எழுத மறுக்கும் கிராணி மேலானவர்.

தரவுத்தளங்களுக்கிடையே உள்ள ஒரு வேறுபாட்டையும் மாணவர் அறிந்திருக்கவேண்டும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் பெரும்பாலான கட்டமைப்பு மாற்றங்களை ஒரே பரிவர்த்தனையாகக் கட்டலாம். நடுவில் தவறினால் அனைத்தும் பழைய நிலைக்குத் திரும்பும். மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் ஒவ்வொரு கட்டமைப்புக் கட்டளையும் உடனே நிலைபெறும். ஐந்து கட்டளைகளில் மூன்றாவது தவறினால், முதல் இரண்டும் அப்படியே நிற்கும். ஆகவே அங்கே ஒரு பெயர்வுக்கு ஒரு மாற்றம் என்ற அளவு நல்லது.

இருவர் பிடித்த எந்திரம்

இனி, சற்றுப் பெரிய மாற்றம் ஒன்றைப் பார்ப்போம். முன்னாளில் கொழுந்தைக் கையால் கிள்ளினர். ஒருவர் கூடை, ஒருவர் எடை. ஆகையால் எடை அட்டவணையில் நாள், தொழிலாளி, எடை என்னும் மூன்று புலங்கள் போதும். இன்று கேமரன் மலையில், நிரையின் இருபுறமும் இருவர் நின்று பிடித்துச் செல்லும் எந்திரத்தால் கொழுந்து வெட்டும் முறை வழக்கில் உள்ளது. சாக்கில் நிறைந்த கொழுந்து இருவருக்கும் உரியது. ஒருவருக்கு ஓர் எடை என்ற உறவு, பலருக்கு ஓர் எடை என்று மாறிவிட்டது. புலத்தைச் சேர்த்து இதனைத் தீர்க்கமுடியாது. ‘எடைச்சீட்டு’ என ஓர் அட்டவணையும், அச்சீட்டில் எவர்க்கு எவ்வளவு என்பதைக் கூறும் ‘பங்கு’ என மற்றோர் அட்டவணையும் வேண்டும்.

இதனை ஒரே இரவில் செய்துவிட ஆசை தோன்றும். ஆனால் மலைத் தோட்டத்தின் நிலையை எண்ணவேண்டும். நிறுவைக்காரர் கையிலுள்ள கருவி, அலைத்தொடர்பு எட்டாத பள்ளத்தில் இருக்கலாம். அதிலுள்ள பழைய நிரல் புதுப்பிக்கப்படச் சில நாட்கள் ஆகலாம். அந்நாட்களில் பழைய நிரலும் புதிய நிரலும் ஒரே தரவுத்தளத்தில் எழுதும். எனவே எந்த ஒரு படியிலும் பழைய நிரல் முறிந்துவிடலாகாது. இதற்குரிய முறையை ‘முதலில் விரி, பிறகு சுருக்கு’ எனச் சுருங்கச் சொல்லலாம். 2006-இல் ஸ்காட் ஆம்ப்ளர், பிரமோத் சடலகே ஆகிய இருவரும் தரவுத்தளச் சீரமைப்பைப் பற்றி எழுதிய நூலில், பழைய வடிவமும் புதிய வடிவமும் சிறிது காலம் இணைந்து வாழும் இவ்விடைக்காலத்தை விரிவாக விளக்கியுள்ளனர்.

முதற்படியில், பழைய அட்டவணையைத் தொடாமல் புதிய இரண்டையும் சேர்க்கிறோம். இதனால் எவருக்கும் இடையூறு இல்லை.

இரண்டாம் படியில், புதிய நிரல் ஒவ்வோர் எடையையும் பழைய இடத்திலும் புதிய இடத்திலும் எழுதுகிறது; படிப்பது மட்டும் பழைய இடத்திலிருந்தே.

மூன்றாம் படியில், பழைய பதிவுகளைச் சிறு சிறு தொகுதிகளாகப் புதிய அட்டவணைகளுக்குப் பெயர்க்கிறோம். பழைய நிரலிலிருந்து பிந்தி வந்துசேரும் பதிவுகளையும், கருவிகள் அனைத்தும் புதுப்பிக்கப்படும்வரை இவ்வாறே பெயர்த்து வருகிறோம். ஒரே பதிவு இருமுறை பெயராதிருக்க, பெயர்த்தவற்றிற்குக் குறியிடவேண்டும்.

நான்காம் படியில் ஒப்பிடுகிறோம். ஒவ்வொரு நாளுக்கும் பழைய அட்டவணையின் கூட்டுத்தொகையும் புதிய பங்குகளின் கூட்டுத்தொகையும் ஒன்றாக இருக்கவேண்டும். இங்கேதான் மறைந்திருந்த பிழைகள் வெளிப்படும். எடைப் புலம் முழு எண்ணாக இருந்தால், இருவர் வெட்டிய 37 கிலோவைப் பகிரும்போது ஆளுக்கு 18 என்றே எழுதமுடியும்; கூட்டினால் 36. ஒரு கிலோ எங்கே போயிற்று? தசமப் புலமாக்கினால் 18.5 என வரும். மூவர் என்றால் அதுவும் போதாது, ஆளுக்கு 12.33 எனப் பகிர்ந்தால் கூட்டுத்தொகை 36.99 ஆகும். மீதமுள்ள 0.01 யாரைச் சேரும் என்பதை முன்கூட்டியே விதியாக எழுதவேண்டும். நாள்தோறும் பலர் கணக்கில் இவ்வாறு உதிர்வது, மாத இறுதியில் பொருட்படுத்தத்தக்க எடையாகும்.

ஐந்தாம் படியில், படிப்பதையும் புதிய இடத்திற்கு மாற்றுகிறோம். ஆறாம் படியில், பழைய கருவி எதுவும் எஞ்சவில்லை என்பதை உறுதிசெய்தபின், பழைய இடத்தில் எழுதுவதை நிறுத்துகிறோம். ஒரு கூலி மாதம் முழுவதும் குறையின்றி முடிந்தபிறகே, ஏழாம் படியில் பழைய அட்டவணையை நீக்குகிறோம். அதற்குமுன் அதன் படியொன்றைக் காப்பில் வைக்கிறோம்.

ஏழு படிகள் மிகையெனத் தோன்றலாம். ஆனால் ஆறாம் படிவரை எதிலேனும் தவறு நேர்ந்தால், முந்திய படிக்குத் திரும்ப வழியுண்டு. ஒரே இரவில் செய்யும் மாற்றத்தில், திரும்பும் வழி விடியலோடு அடைபடுகிறது.

பேர் என்னும் புலம்

மொழியைக் கற்பிக்கும் நமக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு பேர்தான். முற்பேர், குடும்பப்பேர் என்று இரண்டு கட்டாயப் புலங்களுடன் அமைந்த செயலிகள் பல. நம்மில் பெரும்பாலோர்க்குக் குடும்பப்பேர் இல்லை. தந்தையின் பேரே உடன் வருகிறது. மலேசிய ஆவணங்களில் ‘ஏ/எல்’, ‘ஏ/பி’ என மகனையும் மகளையும் குறிக்கும் சுருக்கங்கள் பேருக்கும் தந்தை பேருக்கும் நடுவில் நிற்கின்றன. அந்தச் சாய்கோட்டை ஏற்க மறுக்கும் செயலிகளும் உண்டு. ஆகவே ஒரே ஆள் ஓரிடத்தில் சுருக்கத்தோடும், ஓரிடத்தில் சுருக்கமின்றியும், ஓரிடத்தில் தந்தை பேர் முன்வந்தும் மூன்று ஆளாகப் பதிவாகிறார். பிற்காலத்தில் சேமநிதியோ சான்றிதழோ பெறச் செல்லும்பொழுது, அந்த மூவரும் தாம் ஒருவரே என்று அவர் மெய்ப்பிக்க வேண்டியுள்ளது.

இதனைத் திருத்த ‘முழுப்பேர்’ என ஒரு புலமும், ‘தந்தை பேர்’ எனக் கட்டாயமல்லாத மற்றொரு புலமும் அமைக்கலாம். ஆனால் இப்பெயர்வு ஒரு வழிப்பாதை. இரண்டு புலங்களை ஒன்றாக்குவது எளிது. ஒன்றாக்கியதை மீண்டும் பிழையின்றிப் பிரிப்பது இயலாது. எந்த இடத்தில் வெட்டுவது என்பதை நிரல் அறியாது. எனவே பழைய இரு புலங்களையும் நெடுநாள் காத்து வைக்கவேண்டும். திரும்பப் பெறமுடியாத பெயர்வு என்று கோப்பிலேயே வெளிப்படையாக எழுதிவைப்பதும் கடமை.

நீளத்திலும் ஒரு நுட்பம் உண்டு. ‘முத்துலட்சுமி’ என்னும் பேரை எண்ணிப் பாருங்கள். தமிழ் எழுத்தெண்ணிக்கையில் அது ஏழெழுத்து. ஒருங்குறியிலோ மெய்யெழுத்தின் புள்ளியும் உயிர்மெய்யின் துணைக்குறியும் தனித்தனியே எண்ணப்படுவதால், அது பதின்மூன்று குறியீடுகள். வழக்கமான யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட் ஆதலால், முப்பத்தொன்பது பைட். முப்பது பைட் அளவுள்ள புலத்தில் இப்பேர் அடங்காது. ‘முப்பது எழுத்து இடமுண்டு’ என்று நிரலாளர் நினைத்திருப்பார். ஏழெழுத்துப் பேரே உள்ளே போகாமல் நிற்கும். புலத்தின் நீளம் எதில் அளக்கப்படுகிறது என்பதைக் கேட்டறிந்தபின்னரே அளவைக் குறிக்கவேண்டும்.

தமிழ்க் கணிமை பெரியதொரு பெயர்வைக் கடந்தே வந்துள்ளது. ஒருங்குறி பரவுமுன் பல எழுத்துரு முறைகள் வழங்கின. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டித் தாப், தாம் குறிமுறைகள் வகுக்கப்பெற்றன. தகுதரம் என்பது மற்றொன்று. 2010-இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்றது. பழைய குறிமுறையில் சேர்த்த பேர்ப்பட்டியலை ஒருங்குறிக்கு மாற்றும்பொழுது, அட்டவணையின் கட்டமைப்பு ஓர் அணுவும் மாறுவதில்லை. முன்பும் எழுத்துப் புலம், பின்பும் எழுத்துப் புலம். மாறுவது உள்ளடக்கத்தின் பொருள் மட்டுமே. முன்னர்க் கூறிய மூன்றாவது, அமைதியான வழி இதுவே. பாதி மாற்றி, பாதி மாற்றாமல் விட்ட பட்டியலில், எது எந்தக் குறிமுறை என்று காட்டும் புலம் இல்லையெனில், மாற்றியதையே மீண்டும் மாற்றிப் பேர்களைச் சிதைக்க நேரும்.

வகுப்பறையில் செய்து பார்க்க

கணினி இல்லாமலும் இதனைக் கற்பிக்கலாம். கோடிட்ட ஏடொன்றை அட்டவணையாகக் கொள்க. மாணவர்க்கு ஓர் அட்டை வீதம் எழுதி, அவற்றைப் பொருள்களாகக் கொள்க. ஏட்டிலிருந்து அட்டைக்கும், அட்டையிலிருந்து ஏட்டிற்கும் செய்தியைப் பெயர்த்தெழுதும் ஒரு மாணவரே இணைப்பி. இப்பொழுது ஏட்டில் ஒரு கட்டத்தைச் சேர்த்து, இணைப்பியாக உள்ள மாணவரிடம் சொல்லாமல் விடுக. என்ன நேர்கிறது என்பதை வகுப்பு முழுவதும் காணும். பிறகு அதே மாற்றத்தை எண்ணிட்ட தாளில் எழுதி, ஏட்டின் முன்பக்கத்தில் ஒட்டி, படிப்படியாகச் செய்து பார்க்கச் சொல்லுக.

மாற்றத்திற்கு முன் மாணவர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள ஐந்து கேள்விகள் போதும். இம்மாற்றம் எழுதப்பட்ட பெயர்வாக உள்ளதா? பழைய நிரல் இதன்பின்னும் இயங்குமா? உள்ள பதிவுகளுக்கு என்ன ஆகும்? மாற்றத்திற்கு முன்னும் பின்னும் எந்தக் கூட்டுத்தொகையை ஒப்பிடப் போகிறோம்? தவறினால் திரும்பும் வழி எது? ஐந்தில் ஒன்றுக்கு விடையில்லை என்றாலும், அன்று அந்த மாற்றத்தைச் செய்யாதிருப்பதே நன்று.

ரிங்லெட்டுச் சரிவுகளில் ஒருவர் நாள் முழுதும் நின்று வெட்டிய கொழுந்து, மாலையில் ஓர் எண்ணாக மாறுகிறது. அந்த எண் இருக்கும் கட்டத்தை அவர் காண்பதில்லை. கட்டம் மாற்றப்பட்டதையும் அவர் அறிவதில்லை. மாதக் கடைசியில் அவர் கைக்கு வரும் தொகையை மட்டுமே அவர் அறிவார். நாளை இந்தச் செயலிகளை எழுதப்போகிறவர்கள் இன்று உங்கள் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கிறார்கள். ஏட்டின் வடிவத்தை மாற்றும் உரிமை அவர்கள் கைக்கு வரும். அந்நாளில், மாற்றத்தை எழுதிவைத்து, ஒப்பிட்டுப் பார்த்து, அதன்பின் பழையதை நீக்கும் பொறுமையும் அவர்களுக்கு இருக்கவேண்டும். அதனை இன்றே பழக்குவது ஆசிரியர்களாகிய நம் பணி.